சந்தேகத்துக்கு எக்ஸிட் கண்டிஷன் உண்டா?

புரோகிராமிங் ஆரம்பிச்ச முதல் மாசத்திலேயே நமக்குச் சொல்லித் தர்ற விஷயம் ஒண்ணு: லூப் எழுதினா அது எப்போ நிக்கணும்னும் சேர்த்து எழுதணும். எழுதலைன்னா அது சுத்திக்கிட்டே இருக்கும். இந்தக் கட்டுரை கோடிங் பற்றியது இல்லை. ரெண்டு உலகப் போருக்கும் நடுவுல, அதாவது 1918க்கும் 1939க்கும் இடைப்பட்ட காலத்துல, நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துல நிக்கிற இடமே குறிக்காம ஓடவிட்ட ஒரு லூப் பற்றியது. அதுக்குப் பேர் சந்தேகம்.

சந்தேகப்படுறது தப்புன்னு சொல்ல வரல. பூட்டுக்கு என்ன அர்த்தம்? பாஸ்வேர்டுக்கு என்ன அர்த்தம்? எல்லாமே சந்தேகம்தான். கேள்வி வேற. ஒருத்தர் மேல சந்தேகம் வந்தா, அதுல இருந்து அவர் வெளியே வர வழி இருக்கா இல்லையா? அதை வச்சுத்தான் நியாயமான சந்தேகம் எது, அநியாயம் எதுன்னு பிரிக்க முடியும். இதுக்கு நம்ம மாவட்டத்துலயே ரெண்டு உதாரணம் இருக்கு. ஒண்ணு முதுகுளத்தூர், கமுதி பக்கத்து ஆப்பநாடு. இன்னொண்ணு பாம்பன் பாலத்துக்கு முன்னாடி வர்ற மண்டபம் கேம்ப்.

போர் முடிஞ்சது, கெடுபிடி முடியல

முதல்ல அந்தக் காலத்தைக் கொஞ்சம் பார்த்துடலாம். முதல் உலகப் போருக்கு முன்னாடி ஐரோப்பாவுல பல நாடுகளுக்குப் பாஸ்போர்ட் இல்லாமலே போய் வரலாம். போர் நேரத்துல ஒற்றர் பயம் வந்து, எல்லைக்கு எல்லை காகிதம் காட்டணும்னு ஆச்சு. தற்காலிக ஏற்பாடுன்னுதான் நினைச்சாங்க. 1920ல பாரிஸ்ல மாநாடு கூடி, பாஸ்போர்ட் எப்படி இருக்கணும்னு பொது வடிவம் வகுத்தாங்க. அது அப்படியே நிலைச்சிடுச்சு.

இங்கேயும் அதே கதை. போர்க்கால அதிகாரங்களை விட மனசில்லாத அரசாங்கம் 1919ல ரௌலட் சட்டம் கொண்டு வந்தது. சந்தேகத்தின் பேர்ல விசாரணை இல்லாமலே அடைச்சு வைக்கலாம். நாடே கொதிச்சது. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்ததும் அந்தக் கொந்தளிப்புக்கு நடுவுலதான். கடைசியில 1922ல அந்தச் சட்டத்தை அரசாங்கமே ரத்து பண்ணிடுச்சு. அந்தச் சட்டத்துக்குக்கூட மூணு வருஷம்னு ஒரு கெடு வச்சிருந்தாங்க.

அதே வருஷங்கள்ல, அதைவிடக் கடுமையான ஒரு சட்டம் கெடுவே இல்லாம நம்ம கிராமங்கள்ல ஓடிக்கிட்டு இருந்தது. அதுக்காக நாடு கொதிக்கல. ஏன்னா அது 'எல்லாருக்குமான' சட்டம் இல்லை.

ரேகைச் சட்டம்

'குற்றப் பரம்பரைச் சட்டம்'னு சொல்வாங்க. கிராமத்துல 'ரேகைச் சட்டம்', 'சி.டி. ஆக்ட்'. நம்ம மாவட்டத்துப் பெருநாழிக்காரரான வேல ராமமூர்த்தியோட 'குற்றப் பரம்பரை' நாவலைப் படிச்சவங்களுக்கு இந்தப் பேர் பழக்கம். 1871ல வட இந்தியாவுல ஆரம்பிச்ச சட்டம் இது. 1911ல புதுசா எழுதினப்போ சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1924ல மறுபடியும் தொகுத்து உறுதியாக்கினாங்க.

இது எப்படி வேலை செஞ்சதுன்னு ஒவ்வொரு ஸ்டெப்பா பார்ப்போம்.

முதல் ஸ்டெப்: ஒரு சமூகமோ கூட்டமோ தொடர்ந்து குற்றம் செய்யற பழக்கம் உள்ளதுன்னு நம்பக் காரணம் இருக்குன்னு மாகாண அரசு முடிவு பண்ணினா போதும். கெஜட்ல ஒரு அறிவிப்பு வரும். யார் என்ன செஞ்சாங்கன்னு தனித்தனியா நிரூபிக்கத் தேவை இல்லை.

ரெண்டாவது: அந்த அறிவிப்பு செல்லுமான்னு எந்தக் கோர்ட்டும் கேள்வி கேக்க முடியாது. இது சட்டத்துலயே எழுதியிருக்கு.

மூணாவது: அந்தச் சமூகத்து ஆட்களோட பேரை ரெஜிஸ்டர்ல ஏத்தி, கைரேகை எடுப்பாங்க.

நாலாவது: ரெஜிஸ்டர்ல இருக்கிறவர் சொன்ன நேரத்துல போய் ஆஜராகணும். பல ஊர்கள்ல ராத்திரி ஸ்டேஷன்லயோ சாவடியிலயோ போய்ப் படுத்தாகணும். வெளியூர் போகணும்னா முன்னாடியே சொல்லி, ராதாரிச் சீட்டு வாங்கிட்டுத்தான் போகணும்.

அஞ்சாவது: திருடுற நோக்கத்தோட ஒரு இடத்துல காத்திருந்த மாதிரி தெரிஞ்சாலே மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். சில குற்றங்களுக்கு மூணாவது தடவை தண்டனை வாங்கினா ஆயுள் முழுக்க நாடு கடத்தல்.

ஆறாவது: பிள்ளைகளைப் பெத்தவங்ககிட்ட இருந்து பிரிச்சு, சீர்திருத்தப் பள்ளியில வைக்கவும் அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு.

இந்த ஆறு ஸ்டெப்லயும் 'இவர் நல்லவர்னு தெரிஞ்சா பேரை நீக்கணும்'ங்கற கட்டாயம் எங்கேயாவது தெரியுதா? அரசாங்கம் மனசு வச்சா நீக்கலாம், அவ்வளவுதான். பேர் ஏறினதை எதிர்த்து மாவட்ட மாஜிஸ்ட்ரேட்கிட்ட முறையிடலாம், ஆனா நீக்கறதும் நீக்காததும் அவர் இஷ்டம்.

பத்து விரல், 1024 பெட்டி

நம்ம துறைக்கு நெருக்கமான ஒரு விஷயத்தையும் சொல்லணும். கைரேகையை வச்சு ஆளைக் கண்டுபிடிக்கிற முறை பெருமளவு இந்தியாவுல வளர்ந்தது. 1897ல கல்கத்தாவுல கைரேகைப் பிரிவு ஆரம்பிச்சாங்க. எட்வர்ட் ஹென்றி பேர்ல முறை பிரபலமாச்சு. அதுக்குப் பின்னாடி கணக்கு போட்டவங்க அவர்கிட்ட வேலை பார்த்த அஜிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும்.

ஐடியா ரொம்ப அழகு. பத்து விரல்ல ஒவ்வொண்ணுலயும் சுழி இருக்கா இல்லையான்னு மட்டும் பாருங்க. இருந்தா அந்த விரலுக்கு உரிய மதிப்பு, இல்லைன்னா பூஜ்யம். மதிப்புகள் 16, 8, 4, 2, 1. ஆமா, பைனரியேதான். பத்து விரலுக்கு ரெண்டோட பத்தாவது அடுக்கு, அதாவது 1024 பெட்டி. லட்சம் ரேகை இருந்தாலும் எந்த அலமாரியில தேடணும்னு உடனே தெரியும். கம்ப்யூட்டர் வர்றதுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னாடியே ஒரு இன்டெக்ஸ்!

ஆனா ஒண்ணு கவனிங்க. கைரேகை பதில் சொல்றது ஒரே கேள்விக்கு: 'இது யாரு?' 'இவன் என்ன செஞ்சான்?'ங்கற கேள்விக்கு அதுகிட்ட பதில் கிடையாது. திருட்டு நடந்த இடத்துல ரேகை கிடைச்சா அது சாட்சி. எதுவுமே நடக்காதப்போ ஒரு ஊர் முழுக்க ரேகை எடுத்தா அது சாட்சி இல்லை, முத்திரை. துல்லியமான கருவியைத் தப்பான கேள்விக்குப் பயன்படுத்தினா கிடைக்கிறது துல்லியமான அநியாயம்.

வீட்டுக்குள்ள நுழைஞ்ச சந்தேகம்

இதெல்லாம் போலீஸுக்கும் ஆளுக்கும் நடுவுல மட்டும் நடந்த விஷயம்னு நினைக்காதீங்க. கிராம முன்சீப், தலையாரி, நிலத்துச் சொந்தக்காரர் இவங்க எல்லாருக்கும் சட்டம் ஒரு கடமை வச்சது. ரெஜிஸ்டர்ல இருக்கிறவர் ஆஜராகலைன்னா, ஊரை விட்டுப் போனா, சந்தேகப்படுற மாதிரி புது ஆள் ஊருக்கு வந்தா, உடனே ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லணும். சொல்லலைன்னா அவங்களுக்கே தண்டனை.

அப்போ ஊர் என்ன ஆகும்? பக்கத்து வீட்டுக்காரர் விசாரிக்கிறது அக்கறையிலயா, தகவலுக்காகவான்னு தெரியாது. மாமன் வீட்டுக்கு வந்த மருமகன் 'புது ஆள்' ஆயிடுவார். பொண்ணு பார்க்கப் போறது, சாவுக்குப் போறது, மாட்டுச் சந்தைக்குப் போறது, எதுக்கா இருந்தாலும் முதல்ல சீட்டு. புதுசா கல்யாணம் ஆனவரும் ராத்திரி சாவடிக்குக் கிளம்பணும்னா, அந்த வீட்டுல குடும்பம்ங்கறதுக்கே என்ன அர்த்தம்?

இதுல இன்னொரு கொடுமையும் உண்டு. ஆம்பளைங்க எல்லாரும் சாவடியில இருக்கும்போது வீட்டுக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் காவல் யாரு? தென் மாவட்டங்கள்ல ஊர்க்காவலையே தொழிலா வச்சிருந்த குடும்பங்களும் இந்த ரெஜிஸ்டருக்குள்ள வந்தாங்க. காவல்காரனையே காவலுக்குள்ள வச்ச கதை இது.

தனக்குத்தானே ஆதாரம்

இப்போ கொஞ்சம் கணக்கு. இது உதாரணத்துக்காக நான் எடுத்துக்கிற எண்ணிக்கை. ஒரு பகுதியில 2000 ஆண்கள். அதுல உண்மையிலேயே திருடுறவங்க 20 பேர்னு வச்சுக்குவோம். 2000 பேரையும் ரெஜிஸ்டர்ல ஏத்தினா 20 திருடனும் மாட்டிக்குவான், சரி. கூடவே தப்பே பண்ணாத 1980 பேரும் மாட்டுறாங்க. நம்ம பாஷையில சொன்னா ரீகால் நூறு சதவீதம், ப்ரிசிஷன் ஒரே ஒரு சதவீதம். இப்படி ஒரு மாடலை ப்ராஜெக்ட் ரிவ்யூவுல காட்டினா கைடு என்ன சொல்வார்னு யோசிங்க.

மோசமான பகுதி இனிமேதான். ராத்திரி ஆஜராகலைன்னா அதுவே குற்றம். சீட்டு இல்லாம தங்கச்சி வீட்டுக்குப் போனா அதுவே குற்றம். மத்த யாருக்கும் குற்றமே இல்லாத இந்த விஷயங்களுக்கு இவங்களுக்கு மட்டும் கேஸ் விழும். வருஷக் கடைசியில கணக்கு எடுத்தா, 'பாருங்க, இந்தச் சமூகத்துலதான் தண்டனை வாங்கினவங்க அதிகம்'னு தெரியும். அந்தக் கணக்கைக் காட்டி சட்டத்தை நீட்டிக்கலாம். சட்டம் தனக்கு வேண்டிய ஆதாரத்தைத் தானே தயாரிச்சுக்கிச்சு. அவுட்புட்டையே திரும்ப இன்புட்டா கொடுத்தா என்ன ஆகும்னு கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

எதிர்ப்பு

மக்கள் சும்மா இருக்கல. 1920 ஏப்ரல் 3 அன்னைக்கு, மதுரை மாவட்டம் உசிலம்பட்டி பக்கத்துல பெருங்காமநல்லூர்ல பிரமலைக் கள்ளர்கள் ரேகை கொடுக்க மறுத்தாங்க. போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்துச்சு. பத்துக்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. அதுல மாயக்காள்னு ஒரு பெண்ணும் உண்டு. அந்த மக்களுக்காக மதுரையில வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் வாதாடினார். கேரளாவுல பிறந்த அவரை மக்கள் 'ரோசாப்பூ துரை'ன்னு கூப்பிட்டாங்க.

நம்ம பக்கம் 1929ல ஆப்பநாட்டு மறவர்கள் வாழ்ந்த 19 கிராமங்கள்ல சட்டத்தைத் தீவிரமா அமல்படுத்த வந்தாங்க. முத்துராமலிங்கத் தேவர் கிராமம் கிராமமா போய் எதிர்ப்பைத் திரட்டினார். ரெஜிஸ்டர்ல சுமார் 2000 ஆக இருந்த எண்ணிக்கை அதுக்கப்புறம் 341 ஆக இறங்கினதா அந்தப் போராட்ட வரலாறு சொல்லுது. 1934ல அபிராமத்துல மாநாடு கூட்டி, சட்டத்தையே ரத்து பண்ணணும்னு கேட்டாங்க.

அந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. 2000, 341. நடுவுல இருக்கிற 1650 பேருக்கும் மேல உள்ளவங்க திடீர்னு திருந்திட்டாங்களா? இல்லை. கூட்டம் போட்டுக் கேட்டதும் பேரை எடுக்க முடிஞ்சதுன்னா, முதல்ல எந்த ஆதாரத்துல அவங்க பேரை எழுதினாங்க?

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லாம போகக் கூடாது. அதே ராமநாதபுரம் மாவட்டத்துல, 1930 டிசம்பர்ல, கள்ளர் சமூகத்து ஆட்கள் பட்டியல் சாதி மக்கள் மேல எட்டுத் தடைகள் விதிச்சாங்க. 1931ல அது பதினொண்ணா ஆச்சு. தங்க நகை போடக் கூடாது, சட்டை போடக் கூடாது, பிள்ளைங்க படிக்கக் கூடாதுன்னு போகுது அந்தப் பட்டியல். மீறினவங்களோட குடிசைகளை எரிச்சாங்க. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தின ஹட்டன் இதைப் பதிவு பண்ணியிருக்கார். ஆக, பிறப்பை வச்சு ஆளை எடை போடுறது வெள்ளைக்காரன் ஃபைல்ல மட்டும் இருந்த வியாதி இல்லை. இதைப் படிச்சுட்டு ஒரு சாதி முழுசுக்கும் முத்திரை குத்தினா, நாமளும் அதே ரெஜிஸ்டர்லதான் எழுதிட்டு இருக்கோம்.

மண்டபம் கேம்ப்: வேற மாதிரி சந்தேகம்

இப்போ கடற்கரைக்கு வருவோம். 1914ல பாம்பன் பாலம் திறந்தது. ரயில்ல தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பல்ல தலைமன்னார், மறுபடி ரயில்ல கொழும்பு. தேயிலைத் தோட்ட வேலைக்குப் போற ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்த வழியாத்தான் போனாங்க. போறதுக்கு முன்னாடி மண்டபத்துல ஒரு முகாம். இந்திய மண்ணுல இருந்தாலும் அதை நடத்தினது இலங்கை அரசாங்கம்.

அங்கே இருந்த சந்தேகம் உடம்பு மேல. காலரா, பெரியம்மை, பிளேக் எதையாவது கொண்டு வர்றாங்களோன்னு. தொழிலாளிகளைச் சில நாள் தங்க வச்சு, டாக்டர் பார்த்து, அம்மை குத்தி, அப்புறம் அனுப்புவாங்க. அதுல மரியாதைக் குறைவு நிறைய இருந்தது. ஆனாலும் ஆப்பநாட்டோட ஒப்பிட்டா ஒரு பெரிய வித்தியாசம் தெரியும். நோய் வெளியே தெரிய இத்தனை நாள் ஆகும்னு ஒரு கணக்கு இருக்கு. அத்தனை நாள் நல்லா இருந்தா கதவைத் திறந்தாகணும். இந்தச் சந்தேகத்துக்கு ஒரு டெஸ்ட் இருந்தது, ஒரு முடிவு தேதியும் இருந்தது. எக்ஸிட் கண்டிஷன்!

கடலைத் தாண்டினதும் அந்தச் சலுகை போச்சு. 1921 வரைக்கும் தோட்டத்துல 'துண்டு'ன்னு ஒரு முறை இருந்தது. தொழிலாளி தலையில இருக்கிற கடனைக் கட்டினா ஆளை விட்டுடறேன்னு துரை எழுதித் தர்ற சீட்டு. அது இல்லாம வேற தோட்டத்துல வேலை கிடைக்காது. கடன் ஒருநாளும் தீராதுங்கறதால அந்தச் சீட்டு ஒருநாளும் விடுதலைச் சீட்டா இருக்கல.

1931ல டொனமூர் அரசியலமைப்பு மூலமா இலங்கையில வயது வந்த எல்லாருக்கும் ஓட்டுரிமை வந்தது. இந்தியத் தமிழருக்கு மட்டும் ஒரு கூடுதல் வாசப்படி: இலங்கையிலயே நிலையா இருக்கப் போறவங்கதான்னு காட்டணும். மலையை வெட்டித் தேயிலை நட்டவங்களைப் பார்த்து 'நீங்க இங்கேயே இருப்பீங்களா, போயிடுவீங்களா?'ன்னு கேள்வி. 1939ல இலங்கை அரசுத் துறைகள்ல தினக்கூலிக்கு இருந்த இந்தியர்களை நீக்க ஆரம்பிச்சாங்க. நேரு கொழும்புக்குப் போய்ப் பேசியும் பலன் இல்லை. தொழிலாளர்கள் இலங்கைக்குப் போறதை 1939 ஆகஸ்ட் 1 முதல் இந்தியா தடை பண்ணிடுச்சு. அடுத்த மாசம் இரண்டாம் உலகப் போர்.

முடிஞ்சதா?

சென்னை மாகாணத்துல குற்றப் பரம்பரைச் சட்டம் 1947ல ரத்தாச்சு. நாடு முழுக்க 1952ல. ஆனா 1948லயே சென்னையில 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் வந்துடுச்சு. சமூகம்ங்கற வார்த்தை போச்சு, தனி ஆள்னு வந்தது. அது முன்னேற்றம்தான். ஆனா பழைய ரெஜிஸ்டர்ல இருந்தவங்களை ஊர் எப்படிப் பார்த்ததுங்கறதை எந்த ரத்துச் சட்டமும் மாத்தாது. ஜெயில் விதிகள்ல இந்தச் சமூகங்கள் மேல ஒட்டிக்கிட்டு இருந்த பாகுபாட்டைச் செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபர்ல. சட்டம் செத்து 72 வருஷம் கழிச்சு!

இலங்கையில 1948 குடியுரிமைச் சட்டத்தால மலையகத் தமிழர்ல பெரும்பாலானவங்க நாடற்றவங்க ஆனாங்க. 1964ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கச் சம்மதிச்சது. திரும்பி வந்தவங்க பலபேருக்கு முதல் வாசல் எது தெரியுமா? அதே மண்டபம் முகாம். அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே வந்தா 'சிலோன்காரன்'. 1983க்கு அப்புறம் போருக்குத் தப்பி வந்தவங்களும், 2022 பொருளாதார நெருக்கடியில படகேறி வந்தவங்களும் அங்கேதான் தங்கினாங்க. சில நாள் தங்கிட்டுப் போகக் கட்டின இடத்துல, இன்னைக்கு வருஷக்கணக்கா குடும்பங்கள் வாழுது.

நமக்கு என்ன?

இந்த வருஷம் நம்ம கிளாஸ்ல எத்தனை பேர் ஃபேஸ் ரெகக்னிஷன் ப்ராஜெக்ட் பண்றாங்கன்னு எண்ணிப் பாருங்க. நாளைக்கு வேலைக்குப் போய் நாம எழுதப் போறது இந்த மாதிரி சிஸ்டம்தான்: லோன் கொடுக்கலாமா, கூட்டத்துல யாரைத் தனியா நிறுத்தலாம், எந்த அக்கவுன்ட்டை முடக்கலாம்.

1920ல வந்த கைதிகள் அடையாளச் சட்டத்துக்குப் பதிலா 2022ல புதுச் சட்டம் வந்தது. ரேகையோட கண் கருவிழியையும் பதிவு பண்ணலாம், 75 வருஷம் வச்சிருக்கலாம். அதுலகூட, முன்னாடி தண்டனை வாங்காத ஒருத்தர் விடுதலை ஆனா, கோர்ட் வேற மாதிரி சொல்லாத வரைக்கும் பதிவை அழிக்கணும்னு ஒரு வழி வச்சிருக்காங்க. அந்த ஒரு வரி ஆப்பநாட்டுக்காரங்களுக்குக் கிடைக்கல.

அதனால சந்தேகப்படுற சிஸ்டம் எதைக் கட்டினாலும் மூணு கேள்வி கேட்டுடுங்க. சந்தேகம் ஒருத்தர் செஞ்ச காரியத்து மேலயா, அவர் பிறந்த இடத்து மேலயா? தப்புன்னு நிரூபிக்க அவருக்கு வழி இருக்கா? லிஸ்ட்ல இருந்து பேர் தானா எப்போ நீங்கும்?

மூணாவது கேள்விக்குப் பதில் 'யாராவது பார்த்து நீக்குவாங்க'ன்னு இருந்தா, அந்த கோடை இன்னும் சப்மிட் பண்ணாதீங்க. கமுதி பக்கம் அந்த 'யாராவது' வர்றதுக்கு 1947 ஆச்சு.